கோடு மங்கினால் ஆபத்து

ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால். 1974 இறுதியில் இந்த மாவட்டக் கிராமங்களில் 397 பேருக்குக் காமாலை. 106 பேர் இறந்தார்கள். வீட்டு நாய்களும் தப்பவில்லை. குற்றவாளி, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளம். அதில் இருந்தது அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு.

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை மாடு தின்றால் நஞ்சு பாலிலும் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. கிலோ பாலுக்கு அரை மைக்ரோகிராம்தான் இந்திய உச்சவரம்பு.

இத்தனை சிறிய அளவைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறது நானோ தங்கத் துகள்கள் கொண்ட சோதனைப் பட்டை. துகளில் ஒட்டியுள்ள எதிர்ப்புரதம் நஞ்சைப் பற்றிக்கொண்டால் பட்டையில் கோடு மங்கும். சில நிமிட வேலை. முழு அளவை ஆய்வகம் பிறகு உறுதி செய்யலாம்.

1974-இல் சாவு முந்தியது, சோதனை பிந்தியது. பட்டை களஞ்சியத்துக்கும் தொழுவத்துக்கும் போனால் வரிசை மாறும்.