பழைய ஸிந்தஸைஸரும் பழுது பார்ப்போரும்

முதுமையெய்திய மின்னிசைக் கருவியொன்று ஊமையாயிற்றென்றால், அதனுள்ளிருக்கும் கண்டென்ஸர்கள் அனைத்தையும் களைந்துவிட்டுப் புதியனவற்றைப் பற்றவைத்தலே தக்க சிகிச்சையென்று கூறுவோர் இந்நாளிற் பலர். இக்கொள்கை பிழையென்பது நமது துணிபு. நாடி பிடித்துப் பாராமலே நோயாளிக்கு இருக்கும் மருந்தையெல்லாம் புகட்டும் வைத்தியனை ஒருவரும் மெச்சார். கருவிகளின் விஷயத்தில் மாத்திரம் அவனை நிபுணனென்று கொண்டாடுவது எற்றுக்கு?

ஸிந்தஸைஸரில் நரம்புமில்லை, துளையுமில்லை. மின்சாரமே அலையாய் எழுந்து, ஃபில்டர் என்னும் வடிகட்டியிற் புகுந்து குணம் மாறி, பின்னர் ஓசையளவு பெற்று வெளிப்படுகின்றது. அமெரிக்கராகிய ராபர்ட் மூக் 1964-ல் இத்துறையில் வழிகாட்டினார். 1970-ல் வெளிவந்த மினிமூக் முதலாய பழங்கருவிகள் இன்றும் மேடையேறுகின்றன. அவற்றிலொன்று பழுதுற்றால் உடையவனுக்கு நேரும் நஷ்டம் பணம் மாத்திரமன்று; பல்லாண்டு பழகிய குரலொன்றை அவன் இழக்கின்றான்.

ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியார் 1984-ல் வெளியிட்ட ஜூனோ-106 என்னும் கருவியை உதாரணமாகக் கொள்வோம். அது ஒரே காலத்தில் ஆறு ஸ்வரங்களை ஒலிக்க வல்லது. அதற்கென ஆறு 'குரல்கள்' உள்ளே அமைந்துள்ளன. கட்டைகளை ஒவ்வொன்றாய் அழுத்திவர, ஐந்து முறை இனிதாயொலித்து ஆறாம் முறை கரகரப்போ மௌனமோ தோன்றுமாயின், ஒரு குரல் மாத்திரம் கெட்டதென்பதைச் செவியே உணர்த்திவிடும். அது எத்தனையாவது குரலென்பதையும் கருவியே சொல்லும். இடமாற்றப் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைத் திறந்தால் அது சோதனை நிலையை யடைந்து, ஒலிக்கும் குரலின் எண்ணைக் காட்டும். இத்துணை உபகாரம் செய்யும் கருவியை ஒரு வார்த்தையும் கேளாமலே அறுக்கப் புகுவதை என்னென்பது!

மேலும் ஆராய்வோம். அக்கருவியில் அலைகளை உண்டாக்கும் சில்லுகள் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு குரல்களுக்குப் பொது. ஆதலின் இரு குரல்கள் ஒருங்கே கெட்டிருப்பின் அச்சில்லின்மேல் ஐயங்கொள்ளலாம். ஒன்று மாத்திரம் கெட்டிருப்பின், 80017ஏ என்னும் எண்ணுடைய ஃபில்டர்ச் சில்லே பெரும்பாலும் குற்றவாளி. ஆஸிலாஸ்கோப்பை வைத்து, அலை சில்லினுட் புகுகின்றதா, புகுந்தது வெளிவருகின்றதா என்று பார்த்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது.

இச்சில்லின் நோய்க்குக் காரணமும் விசித்திரமானது. அதனைக் காக்கவேண்டிப் பூசப்பட்ட கரிய மேற்பூச்சே நாளடைவில் மின்சாரத்தைக் கசியவிட்டு அதனைக் கெடுக்கின்றது, காவலனே கள்வனாயினான்! சில்லைக் கழற்றி அஸிடோன் திரவத்தில் ஊறவைத்துப் பூச்சை நீக்கினால் பல சில்லுகள் மீண்டும் பேசுகின்றன; பேசாதவற்றிற்குப் பதில் புதிதாய்ச் செய்த மாற்றுச் சில்லுகள் கிடைக்கின்றன. அஸிடோன் எளிதில் தீப்பற்றுவதாகலின் காற்றோட்டமுள்ள இடத்திலேயே அதனைக் கையாளவேண்டும்.

"ஒன்று கெட்டால் ஆறையும் கழற்றுகின்றீர்களே, கண்டென்ஸரை மாற்றுவோன் மாத்திரம் செய்த பிழை யாது?" என்று நம்மை மடக்குவோர் உண்டு. ஆறு சில்லுகளுக்கும் பூச்சு ஒன்றே; காரணம் அறியப்பட்டது. காரணம் அறிந்து ஆறையெடுப்பது வேறு, அறியாமல் அறுபதையெடுப்பது வேறு. பழைய சர்க்யூட் பலகைகளின் செப்புத்தடங்கள் அதிக சூடு பட்டால் பெயர்ந்துவிடும். ஒரு பழுதைத் தேடப்போய்ப் பத்துப் பழுதை உண்டாக்குவோர் இவ்வகையினரே.

கண்டென்ஸர் கெடுவதேயில்லை யென்று நாம் சாதிக்கவில்லை. மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியிலுள்ளவை முதுமையால் வலிகுன்றுவது உண்மை. அப்போது, விநாடிக்கு 50 சுழற்சியுள்ள மின்சாரமாயின், 100 சுழற்சியுள்ள ஓர் இரைச்சல் ஓயாமற் கேட்கும். அளந்தறிந்து அவற்றை மாற்றுக. ஆகவே எப்பழுதாயினும் முதலில் மின்னழுத்தங்களை அளப்பது முறை. ஜூனோவில் அவை கூட்டல் 15, கழித்தல் 15, கூட்டல் 5 வோல்ட்டுகள். இவை பிறழ்ந்திருக்கும்போது மற்றவற்றை ஆராய்வது வீண். சுவர் மின்சாரம் நுழையுமிடம் உயிரைக் கொள்ளுமாதலின், அனுபவமில்லாத மாணவர் பழகியவரை அருகில் வைத்துக்கொண்டே அப்பகுதியைத் தொடுவாராக.

சில சமயம் பழுதே இராது. மினிமூக் போன்றவற்றில் உஷ்ணம் மாற ஸ்வரமும் நழுவும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்பது அதன் கணக்கு. அரைமணி நேரம் சூடேறவிட்டுத் திருகாணியால் அக்கணக்கைச் சரிசெய்தால் போதும்.

அளவாமலே அகற்றவேண்டிய பொருளும் ஒன்றுண்டு. அது பழைய ரீசார்ஜ் பாட்டரி. கோர்க் கம்பெனியாரின் 1981-ஆம் வருஷத்துப் பாலிஸிக்ஸில் அதிலிருந்து கசியும் காரம் பலகையின் செப்பை அரித்துத் தின்றுவிடும். அங்கே தாமதமே குற்றம். பாட்டரியை அகற்றி, கசிந்த இடத்தைச் சிறிது வினிகரால் துடைத்து, நீரால் மீண்டும் துடைத்து உலர்த்துக. ஜூனோவிலோ லித்தியம் பாட்டரி. அது கசிவதினும் தீர்ந்துபோவதே வழக்கம். ஆயின் அதைக் கழற்றுமுன் உள்ளே பதிந்துள்ள 128 ஒலியமைப்புகளையும் டேப்பில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். இதனை மறந்த அவசரக்காரன் ஒருவன் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் ஒரு நொடியில் அழித்துவிடுவான்.

வேலை முடிந்தபின் பெட்டியை மூடுமுன் இன்னுமொன்று செய்யவேண்டுமென்று விரும்புகின்றோம். அளந்த மின்னழுத்தங்கள், கண்ட பழுது, மாற்றிய பாகம், தேதி ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மின்பாகங்களைத் தொடாதவாறு மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுக. இருபது வருஷங் கழித்து அம்மூடியைத் திறப்பவன் நம்மை அறியான். ஆயினும் எங்கிருந்து தொடங்கவேண்டுமென்பதை அறிவான்.