ஏரி முழுவதும் ஒருவர் பாடு அன்று

பிறரைக் காக்க முயன்று இயலாமற்போனவர் தம்மைத் தாமே ஓயாது தண்டித்துக்கொள்வதை உயர்ந்த பக்தியாகக் கருதும் வழக்கம் நம் கிறிஸ்தவச் சமூகத்தில் வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்திற்கு நற்செய்தியில் இடமில்லை என்பதை நாம் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும்.

2011 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று, பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தனர். உயிர்காப்புச் சட்டைகள் இல்லை. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி இதே கரையைத் தாக்கியது. ஆகவே குடில்களில் விளக்கேற்றும் காலம் வந்தால் இக்குப்பங்களில் பழைய காயமும் விழித்துக்கொள்கிறது. இறந்தோரின் உறவினருக்கு ஆறுதல் சொல்ல ஆளுண்டு. நீரில் குதித்துத் தேடி, வெறுங்கையோடு கரையேறியவருக்கு ஆறுதல் சொல்பவர் யார்? 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயலில் உடன் தொழிலாளரை இழந்து கரைசேர்ந்த குமரி மாவட்டத்து மீனவருக்கும் இதே சுமைதான். நோயாளியை இழந்த செவிலியரும், பள்ளியை விட்டு நின்ற மாணவனை மீட்க இயலாத ஆசிரியரும் இச்சுமையை அறிவர்.

இத்தகையோரிடம், "இன்னும் முயன்றிருக்கலாம், இன்னும் செபித்திருக்கலாம்" என்று சொல்பவர் உளர். ஒருவர் துன்பத்தில் அமிழும்போது அவர் தலைமேல் மற்றொரு கல்லை ஏற்றும் பேச்சு இது. திருச்சபையின் அறநெறி என்ன கற்பிக்கிறது? சாவான பாவத்திற்குக் கனமான பொருளும், முழு அறிவும், முழு மனச்சம்மதமும் வேண்டும். கை எட்டாமற்போனதில் சம்மதம் எங்கே இருக்கிறது? செய்யாத பாவத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் மீண்டும் மீண்டும் அறிக்கையிடுவோரை, "இது பாவமன்று, துயரம்" என்று தெளிவுபடுத்தி அனுப்புவது குருக்களின் கடமை.

தன்னை அன்புசெய்வதுபோல் அடுத்திருப்பவரையும் அன்புசெய்யுமாறு கட்டளை கூறுகிறது. தன்மீது கொண்ட அன்பே இங்கு அளவுகோல். அளவுகோலையே முறித்தெறிந்தவர் பிறருக்கு எதைக்கொண்டு அளப்பார்? கடவுளுக்கு அடுத்தபடியாக மனிதர் தம் ஆன்மாவை அன்புசெய்ய வேண்டும் என்பதைப் புனித தோமா அக்குவினாரும் அன்பின் ஒழுங்கிற்குள்ளேயே வைத்துப் பேசுகிறார்.

ஆண்டவரைப் பாருங்கள். நாசரேத்தூரில் அவரால் சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர வல்ல செயல் எதுவும் செய்ய இயலவில்லை என்று மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். அவர்களது நம்பிக்கையின்மையைக் கண்டு இயேசு வியந்தார். பின்னர் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கற்பிக்கப் புறப்பட்டார். சோர்ந்துபோய்ச் சாவை வேண்டிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குக் கடவுள் முதலில் அளித்தது அறிவுரை அன்று. உறக்கமும் அப்பமும் தண்ணீரும்.

"இப்படிப் பேசினால் கடமை தவறுவோருக்கும் சாக்குக் கிடைத்துவிடாதா?" என்று கேட்கலாம். கிடைக்காது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது குற்றம். உயிர்காப்புச் சட்டையின்றிப் படகு விடுவது குற்றம். அவற்றிற்குச் சட்டத்தின் முன்னும் கடவுளின் முன்னும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எல்லாரும் எல்லாவற்றிற்கும் பொறுப்பு என்று பொத்தாம்பொதுவாக அழுதால், உண்மையில் பொறுப்பானவர் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்வார். பொறுப்பைச் சரியாகப் பிரித்தறிவதே நீதி.

இந்த ஞானம் பழவேற்காட்டிற்குப் புதியதன்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களிலும் 'பாடு' என்னும் முறை வழிவழியாக வந்தது. ஏரியின் எந்தப் பகுதியில், எந்த நாளில், எவர் வலை வைப்பது என்பதை அது வகுத்துத் தருகிறது. தம் பாட்டில் வலை வைப்பது அவர் கடமை. அது முடிந்தால் அடுத்தவருக்கு வழிவிடுவதும் கடமை. ஏரி மீன் முழுவதையும் ஏன் பிடிக்கவில்லை என்று அங்கே எவரையும் யாரும் விசாரிப்பதில்லை.

தமிழில் பாடு என்றால் துன்பமும் ஆகும். தவக்காலத்தில் நாம் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிறோம். உலகின் பாடுகள் அனைத்தையும் சுமந்தவர் அவர் ஒருவரே. அவரது இடத்தில் நின்று, "நான் எல்லாரையும் காத்திருக்க வேண்டும்" என்று நம்மை நாமே வதைத்துக்கொள்வது தாழ்ச்சிபோல் தோன்றினாலும், அதற்குள் ஒரு செருக்கு மறைந்திருக்கிறது. மீட்பர் ஒருவரே, நாம் அவருடைய பணியாளர்கள்.

எனவே, வரும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மாண்டோருக்காகச் செபிக்கும்போது, அவர்களை மீட்க முயன்றோரையும் மன்றாட்டில் நினைவுகூர்வோம். அவர்களிடம் காரணம் கேட்காமல் அருகே அமர்வோம், சோறிட்டு, உறங்கவிடுவோம். நம் கைகள் தோற்றுப்போன நாளிலும், அடுத்தவருக்குக் காட்டும் இரக்கத்தை நமக்கும் மறுக்காதிருப்போம். விடிந்ததும் ஏரிக்குப் போக வேண்டியவர்கள் நாம்.