ஸ்கூட்டர் உங்கட, படகு எல்லாருக்கும்

"காசு குடுத்துத்தானே வாறன், என்ர சாமானை நான் கொண்டுவந்தால் உங்களுக்கென்ன?" சுழியோடப் போகும் படகில் நீருக்கடி ஸ்கூட்டரை ஏற்றவேண்டாம் எண்டு சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான். நியாயம்போலத் தெரியும். ஆனால் அது தனிவாடகைப் படகில்லை. ஆறேழு பேர் காசு போட்டு ஏறும் படகு.

ஸ்கூட்டரே கூடாது எண்டு நான் சொல்லவரவில்லை. பற்றரியில் விசிறி சுழன்று ஆளை இழுத்துப்போகும் அந்த மெசினுக்கும் ஒரு இடம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே 40 மீற்றர். ஹேர்மிஸுக்கு இறங்குபவர்கள் விசேட பயிற்சி எடுத்து, ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்குப் பார்த்து இறங்குபவர்கள். நீரோட்டத்தில் களைக்காமலிருக்க அவர்களுக்கு ஸ்கூட்டர் உதவும்.

நிலாவெளியில் புறாத்தீவுப் பக்கம் கதை வேறு. ஆழம் குறைந்த பவளப்பாறை, ஒரு வழிகாட்டி, அவருக்குப் பின்னால் இரண்டிரண்டு பேர். அதில் ஒருவர் மட்டும் ஸ்கூட்டரில் பறந்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியமாட்டார். வழிகாட்டி அவரைத் துரத்துவதா, முதல்தரம் இறங்கின மற்றவர்களோட நிற்பதா? எதைச் செய்தாலும் பழி அவர் தலையில்தான். விசையை அமத்தினபடி மேலே திரும்பினால் பாதுகாப்பான வேகத்தை மீறி ஏறிவிடலாம், நுரையீரலுக்கே ஆபத்து. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடத்தில் பவளத்தில் மோதினால், உடைந்தது வளர வருடக்கணக்காகும்.

பற்றரியையும் யோசிக்கவேணும். 2019 செப்டெம்பரில் கலிபோர்னியாவில் 'கொன்செப்சன்' என்ற சுழியோடிப் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீயின் காரணம் உறுதியாகவில்லை. ஆனால் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பற்றரிகள்மீதும் சந்தேகம் விழுந்தது. லித்தியம் பற்றரி பிடித்தால் அணைப்பது லேசில்லை. பெற்றோல் தாங்கி இருக்கும் சின்னப் படகில் எங்கே ஓடுவது?

அதனால் நான் கேட்பது தடை இல்லை, ஒழுங்கு. ஸ்கூட்டர் இருக்கிறதெண்டு இடம் பதியும்போதே சொல்லவேணும். சார்ஜ் கரையிலேயே முடியவேணும். ஸ்கூட்டர்காரருக்குச் சோடியும் ஸ்கூட்டர்காரராக இருக்கவேணும், அவர்களுக்கு வேறு வழிகாட்டி வேணும். இவ்வளவையும் படகுக்காரர் காசு வாங்குவதற்கு முன்னமே எழுத்தில் காட்டவேணும்.

ஏனெண்டால், கடைசி நிமிடத்தில் கடற்கரையில் நின்று "வேண்டாம்" எண்டு சொல்லவேண்டியவர் சம்பளத்துக்கு நிற்கும் வழிகாட்டி. வாடிக்கையாளர் முகம் சுழித்தால் ரிப்ஸ் போகும், இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் விழும். அந்தப் பயத்தில் அவர் "சரி, ஏத்துங்கோ" எண்டு தலையாட்டினால், கீழே அதன் விலையைக் கொடுக்கப்போவது படகில் வந்த எல்லாரும்தான்.