இளநீருக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு

பௌர்ணமி இரவில் கிரிவலம் வருகிறவர் வருணலிங்கத்தைத் தாண்டி அடி அண்ணாமலையை நெருங்கும்போது 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். வெறுங்கால், தார் ரோடு, வியர்வை. கால் துவண்டு ஓரமாக உட்கார்ந்தால் கூட வந்தவர் உடனே வாங்கி நீட்டுவது இளநீர். “குடிங்க மாமா, தெம்பு வரும். இது யாருக்கும் கெடுதல் பண்ணாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இளநீர் அருமையான பானம். வண்டிக்காரரிடம் எனக்கு வழக்கில்லை, வெட்டித் தருவதற்கு முன் “கிட்னி எப்படி இருக்கு?” என்று கேட்பது அவர் வேலை அல்ல. பாரம்பரியம் என்று தொடங்கி யாருக்கு, எவ்வளவு என்று சொல்லாமலே முடிக்கும் யூடியூப் வைத்தியர்கள்மீதும், பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள்மீதும், காலையில் ‘இயற்கை மருந்து’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம் சொந்தக்காரர்கள்மீதும்தான் வழக்கு.

இளநீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். நீரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 300 மில்லி உள்ள ஒரு காயைக் குடித்தால் 600 முதல் 750 மில்லிகிராம் உள்ளே போகிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் பொதுவாக அனுமதிப்பது 2,000 மில்லிகிராம் அளவுதான். நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் பெரும்பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதாகிவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் தங்குகிறது. ரத்தத்தில் இருக்க வேண்டியது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். 6.5ஐத் தாண்டினால் இதயம் எப்போது தாளம் தப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் விஷ ஊசி மரண தண்டனையில் இதயத்தை நிறுத்துவதற்கென்று பல மாநிலங்கள் கடைசியாகச் செலுத்திவந்ததும் பொட்டாசியம் குளோரைடைத்தான்.

பொட்டாசியம் ஏறினால் வலிக்காது. பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. தெரிந்தால் பெரும்பாலும் கால் தளர்ச்சி, உடல் சோர்வு. எட்டு கிலோமீட்டர் நடந்தவருக்குக் கால் தளர்வதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? நீண்ட நேரம் உழைக்கும் தசையிலிருந்தும் பொட்டாசியம் ரத்தத்துக்கு வருகிறது. வியர்த்து நீர் வற்றினால் பாதி பழுதான சிறுநீரகம் இன்னும் சுணங்கும். ஆக, சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடிய இடத்தில், அதன் அறிகுறியை நடந்த களைப்பு என்று எண்ணி, பொட்டாசியத்தையே மருந்தாகக் கொடுக்கிறோம். அன்போடுதான்.

பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு 108 வர வேண்டும். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. அலைகள் கூர்ந்து நிமிர்ந்திருந்தாலோ அகன்று கிடந்தாலோ ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் கால்சியம் குளுக்கோனேட் எடுப்பார்கள். 10 சதவீதக் கரைசல், 10 மில்லி. சில இடங்களில் 30 மில்லி. திரையைப் பார்த்தபடியே சில நிமிடங்களில் நரம்பு வழியாக மெல்ல ஏற்றுவார்கள். ஓரிரு நிமிடங்களில் அலை ஒழுங்குக்கு வரும். பார்க்கிறவருக்கு மந்திரம்போல இருக்கும்.

அடுத்த மூடநம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. “கால்சியம் ஊசி போட்டாங்க, சரியாயிடுச்சு. அப்புறம் எதுக்கு டயாலிசிஸ்?” கால்சியம் என்றாலே எலும்புக்குத் தெம்பு தரும் சத்து ஊசி என்று பழகிப்போன ஊர் இது. ஆனால் இந்த ஊசி ரத்தத்திலிருந்து துளி பொட்டாசியத்தையும் வெளியேற்றாது. முன்பு 7.5 என்றால் பின்பும் 7.5 தான். இதயத் தசை பொட்டாசியத்துக்குப் பணிந்துவிடாமல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கும். அவ்வளவுதான். கால்சியம் வாங்கித் தருவது வாய்தா. தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றுகிறார்கள், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள. “சுகர் இல்லாதவருக்கு எதுக்குங்க இன்சுலின்?” என்று அதற்கும் ஒரு சண்டை. சால்புட்டமால் புகை வைத்தால் “ஆஸ்துமாவே இல்லையே!” இவையும் தற்காலிகம்தான். சிறுநீரகம் கைவிட்டவருக்குப் பொட்டாசியத்தை உடலைவிட்டு விரைவாக வெளியேற்ற டயாலிசிஸே வழி.

இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்பது தெரியவந்ததே ஒரு தவறால்தான். 1882இல் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துப் பார்த்தார், நன்றாகத் துடித்தது. உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கரைசலைத் தயாரித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வடித்த நீரில் செய்து பார்த்தபோது துடிப்பு ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஓட்டியிருக்கிறது என்று 1883இல் திருத்தி எழுதினார். நம் ஆஸ்பத்திரிகளில் தொங்கும் ஆர்.எல். பாட்டிலில் ‘ஆர்’ அவர்தான்.

“எங்க தாத்தா தினம் ரெண்டு இளநீர் குடிச்சார், தொண்ணூறு வயசு இருந்தார்” என்பார்கள். தாத்தாவின் சிறுநீரகம் நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக இருப்பவருக்கும் எல்லை உண்டு: கொளுத்தும் வெயிலில் டென்னிஸ் ஆடிய 42 வயது அமெரிக்கர் ஒருவர் 8 பாட்டில் இளநீர் குடித்து, பொட்டாசியம் ஏறி மயங்கி விழுந்த கதையை 2014இல் ஒரு இதயநோய் ஆய்விதழ் வெளியிட்டது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று எதைச் சொல்கிறார்கள்? படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் புகட்டிச் சாகவிடுவதை. செய்தவர்களுக்குப் பொட்டாசியம் தெரியாது, பலன் தெரிந்திருந்தது. ‘யாருக்கும் கெடுதல் பண்ணாது’ என்ற வாக்கியத்தை அந்தத் திண்ணைகளில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இளநீர் மட்டுமல்ல. ‘கிட்னிக்கு நல்லது’ என்று நடைப்பயிற்சிப் பூங்கா வாசலில் விற்கும் வாழைத்தண்டுச் சாறும் இதே ரகம். கல் பிரச்சினைக்குச் சொன்னதைச் செயலிழந்த சிறுநீரகத்துக்கும் நீட்டிவிட்டார்கள். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவதில் சோடியத்தின் இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம். 2025 ஜனவரியில் அதைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கித்தான் சொன்னது.

மருத்துவர்களையும் விடுவதற்கில்லை. ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் எழுதும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. நல்ல மருந்துகள்தான், ஆனால் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது “உப்பைக் குறைங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இளநீர், பழச்சாறு, வாழைப்பழம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைக் கேட்டு வாங்கும் துணிச்சல் நோயாளிக்கு இல்லை, கொடுக்கும் பொறுமை மருத்துவருக்கு இல்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, “அப்போ கோலா குடிக்கச் சொல்றீங்களா?” என்பார். இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்கிறேன். அதையும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் வரையறுத்திருந்தால், அந்த அளவுக்குள்.