மைக்கொம்புச் சொற்கள்

தூயதமிழ் எழுதுக என்றால் போதும், "ஆங்கிலம் பன்மொழிச் சொற்களையும் வாரிக்கொண்டன்றோ வளர்ந்தது? நீவிர் மட்டும் ஏன் கதவடைக்கின்றீர்?" என்று வினவப் படித்தவர் பலர் முந்துகின்றனர். ஆங்கில அகரமுதலியின் மூலையில் கிடக்கும் ஓர் அரிய சொல்லை அவர்கள் பார்த்தாரல்லர். 'இங்க்கோர்ன்' என்னும் பெயரடையே அது.

ஈரசைச் சொல், அழுத்தம் முதலசைக்கு. ககரத்தை அடுத்து ஒரு மூச்சொலி மெல்ல எழும். தென்னிங்கிலாந்தார் ரகரத்தை விழுங்கிவிடுவர், அமெரிக்கர் ஒலிப்பர். எளிய சொல் இருக்கவும், புலமை காட்டற்கென்றே இலத்தீன கிரேக்கச் சொற்களைப் பெய்தெழுதும் நடையை இகழ்தற்கு 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலர் ஆண்ட சொல் இது. நேர்பொருள் மைக்கொம்பு. அந்நாள் எழுத்தர் மாட்டுக் கொம்பையே மைக்கூடாகக் கொண்டிருந்தனர். மக்கள் வாயிற் பிறவாது அக்கூட்டிற் பிறந்த சொல் மைக்கொம்புச் சொல்!

இதன் பிறப்பு இன்னும் சுவையானது. கொம்பைக் குறிக்கும் பின்பாதி அவர்தம் முன்னோர் வழிவந்த செருமானியச் சொல். மையைக் குறிக்கும் முன்பாதியோ கடன். சுட்டுப் பதித்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்று, உரோமப் பேரரசர் கையொப்பமிடும் செந்நீல மைக்குப் பெயராகி, இலத்தீன் வழியே பழம்பிரெஞ்சிற் புகுந்து தேய்ந்து, 'இங்க்கு' என ஆங்கிலத்தில் வந்து நின்றது. அதற்குமுன் அவர்களிடம் மைக்குப் பெயரில்லையா? இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'பிளெக்கு' என்றனர். கறுப்பைக் குறிக்கும் சொல்லே அது. கருமை உணர்த்தும் நம் 'மை' எழுதுநீருக்கும் பெயரானதை இங்கு நினைக. தென்மார்க்கரும் சுவீடியரும் அச்சொல்லை இன்றும் காத்திருக்க, ஆங்கிலர் இழந்தனர்.

இழப்பை உணர்ந்தோர் அன்றே இருந்தனர். தாமசு வில்சன் 1553-இல் தம் சொல்லாட்சி நூலில், இத்தகு சொற்களையே அடுக்கி ஒரு பொய்ம்மடல் வரைந்து நகையாடினார். கேம்பிரிட்சில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சான் சீக்கு, வாங்கிக்கொண்டே இருந்து திருப்பித் தாராத மொழி ஒருநாள் நொடித்துப்போகும் என 1557-இல் ஒரு மடலில் எழுதினார். கிரேக்கம் அறியாமையாலன்று, அறிந்தமையால் சொன்னார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனுக்கு நூறு என்னும் தம் மொழிச் சொல்லினின்றே பெயர் படைத்தார். அம்மடலில் அவர் தூய்மைக்கு எழுதிய 'பியூர்' என்பதே கடனன்றோ என நகைப்போர் நகைக்க.

உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று, அவர்கள் தோற்றனர். வில்சன் நகையாடிய 'செலிபிரேட்டு' இன்று எளிய சொல். அத்தோல்விக்கு விலை கொடுப்போர் ஆங்கிலச் சிறுவரே. கண் 'ஐ', கண் பற்றியது 'ஆக்குலர்'. பல் 'டூத்து', பல் பற்றியது 'டெண்டல்'. நிலவு 'மூன்', நிலவு பற்றியது 'லூனார்'. பெயரை அறிந்த பிள்ளை பெயரடையைப் புதிதாய் நெட்டுருச் செய்தல் வேண்டும். வகுப்பறையிலேயே தலைநரைத்த எனக்கு அச்சுமை தெரியும். நம் பிள்ளைக்குக் கண்ணோய், பல்வலி, நிலவொளி என்பவற்றை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நேத்திரம், தந்தம், சந்திரிகை என்றெழுதியோர் அச்சுமையைத்தான் நம் பிள்ளைகள் தலையிலும் ஏற்றினர்.

தார்செட்டு நாட்டில் வில்லியம் பார்ன்சு என்றொரு பாவலர் இருந்தார், பள்ளியாசிரியருங்கூட. 1878-இல் தாம் வெளியிட்ட இலக்கண நூலுக்குக் 'கிராமர்' என்னும் கடன்சொல்லை விலக்கிப் பேச்சுத்திறம் எனப் பொருள்படத் தம் மொழியிலேயே பெயரிட்டார். சீக்கு மறைந்து அப்போது 321 ஆண்டுகள் ஆகியிருந்தன.