ஸோபா யாருக்காக?

புடவை வாங்கக் கடைக்குப் போனால் நாம் என்னென்ன செய்கிறோம்! முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். துணியை விரல்களுக்கிடையே கசக்கிப் பார்க்கிறோம். கடை விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் நிறத்தைச் சரி பார்க்கிறோம். கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்த பிறகும், "இன்னும் இரண்டு எடுத்துப் போடுங்கள்" என்கிறோம். வருஷத்துக்கு ஐந்தாறு முறை கட்டும் புடவைக்கு இத்தனை பரீட்சை! பத்துப் பதினைந்து வருஷம், தினந்தோறும், வீட்டிலுள்ள அத்தனை பேரும் உட்காரப் போகும் ஸோபாவை மட்டும், சுவரின் வர்ணத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கி விடுகிறோம். இப்போதோ கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. கைபேசியில் படத்தைப் பார்த்தே வரவழைத்து விடலாம். படத்திலே ஸோபா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், படத்திலே உட்கார்ந்து பார்க்க முடியாதே!

ஆகையால், ஸோபா வாங்க நினைக்கும் சகோதரிகள் நிறத்தையும் விலையையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது யாருக்காக?

"நாலு பேர் வந்தால் உட்கார வேண்டாமா?" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். வாஸ்தவம். ஆனால், அந்த நாலு பேர் மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறார்கள்? வந்தால் எத்தனை நேரம் உட்காருகிறார்கள்? மற்ற நேரமெல்லாம் அதில் உட்காருகிறவர்கள் வீட்டு மனிதர்கள்தான். அவர்களுள் யாருக்கு உட்காருவதும் எழுந்திருப்பதும் சிரமமோ, அவருக்காகத்தான் ஸோபா வாங்க வேண்டும். அவருக்குச் சரியாக இருந்தால் மற்ற எல்லோரும் சமாளித்துக் கொள்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆசையாக ஒரு ஸோபா வாங்கினார்கள். தாழ்வானது, ஆழமானது, உட்கார்ந்தால் அப்படியே உள்ளே இழுத்துக் கொள்ளும் மெத்தை. வந்த அன்றைக்கு, வீட்டுக்குப் பெரியவரான மாமியாரைத்தான் மரியாதையாக முதலில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து விட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பிள்ளை ஒரு கையையும் பேரன் ஒரு கையையும் பிடித்துத் தூக்கி விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாளும் சிரித்தார். மறுநாளிலிருந்து சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கொண்டு விட்டார். "ஏன் அத்தை, ஸோபாவிலே உட்காருங்களேன்" என்று மருமகள் சொன்னால், "இருக்கட்டும்மா, எனக்கு இதுதான் வசதி" என்பார். கூடத்தில் டெலிவிஷன், பேச்சு, பேரக் குழந்தைகளின் விளையாட்டு எல்லாம் ஒரு பக்கம். அவர் ஒரு பக்கம். யாரும் அவரை ஒதுக்கவில்லை. ஒரு சாமான் ஒதுக்கிவிட்டது.

இது ஏன் நேருகிறது என்று பார்ப்போம். ஆசனம் முழங்காலை விடத் தாழ்ந்திருந்தால், எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் முழங்காலும் தொடையும் தூக்க வேண்டியிருக்கிறது. ஆசனம் ஆழமாக இருந்தாலோ, முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. பாதத்தைத் தரையில் ஊன்றினால் முதுகுக்குத் தாங்கல் கிடையாது. எழுந்திருக்க வேண்டுமானால் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னுக்குச் சாய்க்க வேண்டும். மெத்தைக்குள் புதைந்து கிடப்பவரால் இந்த இரண்டும் முடியாது.

இதற்கு அளவுகள் உண்டு. வீட்டுப் பெரியவரை ஒரு மர நாற்காலியில், பாதம் தரையில் நன்றாகப் படியும்படி உட்கார வையுங்கள். தரையிலிருந்து முழங்காலின் உட்பக்க மடிப்பு வரை அளந்து கொள்ளுங்கள். ஸோபா ஆசனத்தின் உயரம் அதற்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. பொதுவாக 17 அல்லது 18 அங்குல உயரம் பெரும்பாலோருக்குச் சரிப்படும். உட்கார்ந்ததும் மெத்தை ஓரிரண்டு அங்குலம் அமுங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள். ஆழத்துக்கு, முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் மூன்று விரற்கடை கழித்துக் கொள்ள வேண்டும். 20 முதல் 22 அங்குலம் வரை ஆழமுள்ளது நிமிர்ந்து உட்கார ஏற்றது. 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை காலை மடக்கிச் சாய்ந்து கிடப்பதற்குத்தான். கைப்பிடி உறுதியாக, ஆசனத்துக்கு மேல் ஏழெட்டு அங்குல உயரத்தில் இருந்தால் ஊன்றி எழுந்திருக்கலாம். கைப்பிடியே இல்லாத ஸோபா பார்க்க நாகரிகமாக இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு உதவாது.

ஸோபா என்றால் ஏதோ அந்நியப் பொருள் என்று நினைக்க வேண்டாம். 'ஸுஃபா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கம்பளமும் தலையணையும் போட்டு உட்காருவதற்கான மேடை என்று பொருள். நம் திண்ணைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்! திண்ணையில் தாத்தாவும் உட்கார்ந்தார், பேரனும் உட்கார்ந்தான், வழிப்போக்கனும் உட்கார்ந்தான். காலைத் தொங்கவிட்டு உட்காரவும், கையை ஊன்றி எழுந்திருக்கவும் அது தோதாக இருந்தது. அந்தக் குணம் கூடத்து ஸோபாவுக்கும் இருக்க வேண்டும்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸோபாவின் ஆயுள், கண்ணுக்குத் தெரியாத மூன்று விஷயங்களில் இருக்கிறது.

முதலாவது, சட்டம். தேக்கு உத்தமம். நன்றாக உலர்ந்த வேங்கை, வேம்பு போன்ற கெட்டி மரங்களும், தடித்த ஒட்டுப் பலகையும் நல்லவையே. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை ஈரம் பட்டால் உப்பி விடும், ஆணி பிடிக்காது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் இந்தப் பலகையின் கதி என்ன ஆயிற்று என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். மூலைகளில் ஒரு சட்டத்தின் நாக்கை இன்னொன்றின் துளைக்குள் இறக்கிப் பசை போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். வெறும் ஆணியும் தகட்டு ஊசியும் போதா. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஸோபாவின் முன்கால் ஒன்றை அரை அடி தூக்கச் சொல்லுங்கள். அடுத்த முன்காலும் கூடவே தரையை விட்டுக் கிளம்பினால் சட்டம் கெட்டி. அது தரையிலேயே ஒட்டிக் கொண்டிருந்தால் சட்டம் முறுக்கிக் கொள்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, மெத்தைக்கு அடியில் பாரம் தாங்குவது எது என்பது. பழைய காலத்து உயர்ந்த ஸோபாக்களில் சுருள் ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் எட்டுத் திக்கிலும் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். நல்ல கைவேலை, விலையும் அதிகம். இப்போது பெரும்பாலும் பாம்பு போல வளைந்து ஓடும் கம்பி ஸ்பிரிங்கோ, அகலமான எலாஸ்டிக் பட்டைகளோ வைக்கிறார்கள். கம்பிகள் நெருக்கமாகவும் பட்டைகள் இறுக்கமாகவும் இருந்தால் குறையில்லை. வெறும் பலகை மீது ஸ்பாஞ்சை வைத்திருந்தால், இரண்டு வருஷத்தில் பலகையின் மீதுதான் உட்கார வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஸ்பாஞ்சு. 1929-இல் டன்லப் கம்பெனியார் இங்கிலாந்தில் ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தை செய்யும் முறையைக் கண்டார்கள். பின்னாளில் நம் வீடுகளிலும் 'டன்லப்பில்லோ' என்ற பெயர் பிரசித்தமாயிற்று. இன்று ஸோபாக்களில் இருப்பது அநேகமாக பாலியூரித்தேன் நுரை. இதற்குக் கடையில் 'டென்ஸிட்டி' என்று ஓர் எண் சொல்வார்கள். 32 டென்ஸிட்டி என்றால், அந்த ஸ்பாஞ்சில் ஒரு கன மீட்டர் 32 கிலோ எடை இருக்கும் என்று பொருள். ஆசனத்துக்கு 32-க்குக் குறையாமல் கேளுங்கள். வீட்டில் ஆள் அதிகம் என்றால் 40 நல்லது. சாய்மானத்துக்கு அதைவிட லேசானது போதும். இன்னொன்று: டென்ஸிட்டி வேறு, மென்மை வேறு. எடை கூடிய ஸ்பாஞ்சிலும் மிருதுவானது உண்டு. எடை குறைந்ததிலும் கெட்டியானது உண்டு. கெட்டியாக இருக்கிறதே என்று கையால் அழுத்திப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். புடவையின் மறுபக்கத்தைப் பார்க்கக் கூச்சப்படாத நாம், இதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

மேலுறை விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. ரெக்ஸின் துடைக்கச் சுலபம். ஆனால் சித்திரை மாதத்தில் முதுகோடு ஒட்டிக் கொள்ளும். தோல் மாதிரி தோன்றும் செயற்கை உறைகளில் மலிவானவை, கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் சில வருஷங்களிலேயே செதில் செதிலாக உரிந்து விடுகின்றன. வெல்வெட்டு தூசியை விடாது. கெட்டியான பருத்தித் துணியோ, பருத்தி கலந்த நெருக்கமான நெசவோ நமக்கு ஏற்றது. கழற்றித் துவைக்கும்படி உறை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தைக்கும் முன்பே துணியை ஒரு முறை நனைத்து உலர்த்தி விட்டால், பிறகு சுருங்கி மெத்தைக்குப் போதாமல் போகாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரே வெளிர் நிறம் வேண்டாம். இரண்டு மூன்று நிற நூல்கள் கலந்து நெய்தது காபிக் கறையைக் காட்டிக் கொடுக்காது.

வடிவத்தில் பழைய மோஸ்தருக்கு ஒரு புண்ணியம் உண்டு. நேரான சாய்மானம், உருண்டையான அல்லது மரத்தாலான கைப்பிடி, தனித்தனியாக எடுக்கும் மெத்தைகள், தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் உயர்ந்த கால்கள். இது இருபது வருஷம் கழித்தும் பழசாகத் தோன்றாது. மெத்தையைத் திருப்பிப் போடலாம். மாதத்துக்கு ஒரு தரம் இடம் மாற்றினால் ஒரே பக்கம் குழி விழாது. அடியில் துடைப்பம் போகும். கறையான் ஏறினாலும் உடனே கண்ணில் படும். தரையோடு ஒட்டிய பெட்டி ஸோபாவுக்கு அடியில் என்ன குடியிருக்கிறது என்பது வீடு மாற்றும்போதுதான் தெரியும்!

வாங்குவதற்கு முன் வாசற்கதவையும், மாடிப்படியின் திருப்பத்தையும், லிப்டையும் அளந்து கொள்ளுங்கள். கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை ஸோபாவின் நீள அகலத்துக்கு விரித்துப் போட்டு இரண்டு நாள் நடமாடிப் பாருங்கள். முன்னால் டீப்பாய் போட ஒன்றரை அடியும், ஆள் நடக்க இரண்டரை அடியும் மிஞ்ச வேண்டும்.

"நாங்கள் ஏற்கனவே தாழ்வாக ஒன்று வாங்கி விட்டோமே!" என்கிறீர்களா? வருத்தப்பட வேண்டாம். தச்சரைக் கூப்பிட்டுக் கால்களை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தச் சொல்லலாம். ஆசனத்துக்குக் கெட்டியான ஸ்பாஞ்சு மாற்றலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த திண்டு வைத்தால் ஆழம் குறைந்துவிடும். பரணிலோ கொல்லையிலோ தேக்குச் சட்டம் ஒன்று கிடந்தால் புதிதாக வாங்கவே வேண்டாம். குஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் புதுப் பிறவி எடுத்து வரும்.

கடைக்குப் போகும்போது வீட்டுப் பெரியவரை அழைத்துப் போங்கள். கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பிறகு கை கொடுக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். பெரியவர் சுளிக்காமல் எழுந்தால் அதுவே உங்கள் ஸோபா.

இன்னும் ஒன்று. எத்தனையோ வீடுகளில் ஸோபாவில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, காபித் தட்டோடு நின்றுகொண்டே பேசிவிட்டு உள்ளே போகிறவர் ஒருவர் உண்டு. அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடையிலே அவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டிலே அவருக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். மூன்று பேர் ஸோபா வாங்குவதா, நாலு பேர் ஸோபா வாங்குவதா என்று எண்ணும்போது, சகோதரிகளே, உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்!