துப்பாக்கி முனையில் அறப்பணி: நிர்வாகச் செலவு என்றால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

ரமளான் நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாசகம் சுற்றத் தொடங்கிவிடும்: "நீங்கள் தரும் பணம் முழுவதும் ஏழைகளுக்கே. நிர்வாகச் செலவு ஒரு பைசாகூட இல்லை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளூரில் அது நடக்கவும் செய்யும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது திருச்செந்தூர் வட்டாரத்தில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு தண்ணீரில் இறங்கியவர்கள் யாரும் சம்பளம் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பறிக்கத் துப்பாக்கியோடு யாரும் நிற்கவும் இல்லை.

ஆனால் வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஏமனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உதவி அனுப்பும்போதும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அங்கே நிலவரம் வேறு.

கராச்சியில் அப்துல் சத்தார் ஈதியைத் தெரியாதவர் இல்லை. குஜராத்தின் பாந்த்வாவில் பிறந்து, பிரிவினையின்போது குடிபெயர்ந்தவர். ஆதரவற்ற பிணங்களைத் தன் கையால் குளிப்பாட்டி அடக்கம் செய்தவர். அவருடைய ஆம்புலன்ஸ் வந்தால் சண்டையிடும் கும்பல்கள்கூடச் சுடுவதை நிறுத்தும் என்பார்கள். அப்படிப்பட்டவரின் அலுவலகத்தில்தான் 2014 அக்டோபரில் கொள்ளையர் புகுந்தார்கள். எண்பது வயதைக் கடந்த அந்த மனிதரைத் துப்பாக்கி முனையில் நிறுத்திவிட்டு, கிலோ கணக்கில் தங்கத்தையும் பணத்தையும் அள்ளிச் சென்றார்கள். மக்கள் நம்பி ஒப்படைத்த அமானிதமும் அதில் இருந்தது. நல்ல பெயர் ஒரு கேடயம்தான். ஆனால் அது மட்டும் போதவில்லை.

தென்னாப்பிரிக்காவில் டாக்டர் இம்தியாஸ் சுலைமான் 1992-ல் தொடங்கிய 'கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ்' நிறுவனத்தின் அனுபவம் இன்னும் கனமானது. 2013 மே மாதம் ஏமனின் தாயிஸ் நகரில் பியர் கோர்கி என்ற தென்னாப்பிரிக்க ஆசிரியரும் அவர் மனைவி யோலண்டேயும் கடத்தப்பட்டார்கள். கடத்திய அல்காயிதாவினர் கேட்ட தொகை 30 லட்சம் டாலர். பேச்சுவார்த்தைக்குப் போனவர் அந்த நிறுவனத்தின் ஏமன் ஊழியர் அனஸ் அல் ஹமாதி. மண்ணின் மைந்தர், கோத்திரத் தலைவர்களோடு பேசத் தெரிந்தவர். 2014 ஜனவரியில் யோலண்டே விடுதலையானார். பணம் கைக்கு வராததால், ஹமாதிதான் அதை அமுக்கிவிட்டார் என்று கொலை மிரட்டல் வந்தது. டிசம்பர் 6 அன்று வேறொரு பிணைக்கைதியை மீட்க அமெரிக்கப் படை நடத்திய தாக்குதலின்போது பியர் கொல்லப்பட்டார். மறுநாள் அவர் விடுதலையாக இருந்தார் என்றது நிறுவனம்.

இந்த மாதக்கணக்கான அலைச்சலை எந்த உணவுப் பொட்டலப் புகைப்படத்தில் காட்டுவது?

நம் மாநிலத்துக்காரர் ஒருவருக்கும் இது நேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார், தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளிடையே பணியாற்றிவிட்டு ஆப்கானிஸ்தான் சென்றவர். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே, தாயகம் திரும்பிய அகதிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போன இடத்தில் கடத்தப்பட்டார். எட்டு மாதங்களுக்குப் பிறகு, 2015 பிப்ரவரி 22 அன்று ஊர் திரும்பினார். அங்கே படித்தவை முஸ்லிம் பிள்ளைகள். கடத்தியவர்கள் பறித்தது அந்தப் பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்துத்தான். இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம்.

வறுமையும் குற்றமும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் அரிசி வாங்குவது சுலபம், அதை உரியவர் வாசலில் இறக்குவதுதான் பாடு. நம்பகமான ஓட்டுநர், வாகனம், கிடங்குக்குக் காவல், உள்ளூர்ப் பெரியவர்களோடு தொடர்பு, ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு ஆதரவு என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்லும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம், அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. இன்றைய தொண்டு நிறுவன ஊழியர்கள் அதில் அடங்குவார்களா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான ஸதகாவில் இந்தச் சிக்கல் இல்லை. "இது ஊழியர் பாதுகாப்புக்கு" என்று சொல்லியே கொடுக்கலாம்.

செலவு என்ற பெயரில் சுரண்டுவோரும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. அதற்குத்தான் தணிக்கை செய்த கணக்கைக் கேட்க வேண்டும். அங்கே களத்தில் நிற்பவர் யார், அவர் உள்ளூர்க்காரரா, அவருக்கு ஏதாவது ஆனால் நிறுவனம் என்ன செய்யும் என்றும் கேளுங்கள். "நிர்வாகச் செலவே கிடையாது" என்று பதில் வந்தால், அப்படியானால் ஓட்டுநருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்று இன்னொரு முறை கேளுங்கள்.